பட்டியலைக் கையாளும் துணைச் செயற்கூறுகள்: நிரல்மொழி நூலகங்களில் பெயரும் முடிவும் (1956–2024)

முன்னுரை

நிரல்மொழி ஒன்றைக் கற்கத் தொடங்குவோர் முதற்சில வாரங்களுக்குள்ளேயே பட்டியல் என்னும் தரவமைப்பைச் சந்திக்கின்றனர். பட்டியலின் முதல் உறுப்பை எடுத்தல், எஞ்சியவற்றைப் பெறுதல், இரு பட்டியல்களை இணைத்தல், ஒவ்வோர் உறுப்பின்மீதும் ஒரே செயலை நிகழ்த்துதல், வேண்டாதவற்றை வடிகட்டுதல், உறுப்புகள் அனைத்தையும் ஒரே மதிப்பாகச் சுருக்குதல் ஆகிய பணிகளுக்கான சிறு செயற்கூறுகள் மொழியோடு சேர்ந்தே வருகின்றன. நிரலர் இவற்றைத் தாமே எழுதுவதில்லை. மொழியின் செந்தர நூலகத்திலிருந்து எடுத்தாள்கிறார். பன்னெடுங்காலமாகப் புழங்கும் கருவிகளை எவ்வாறு கையில் எடுக்கிறோமோ அவ்வாறே, அவற்றின் தோற்றம் பற்றிய வினா எழாமலேயே எடுத்தாள்கிறார்.

ஆயினும் இச்செயற்கூறுகள் ஒவ்வொன்றுக்கும் பிறந்த ஆண்டு உண்டு. பிறந்த இடம் உண்டு. அதைப் பொது நூலகத்தில் சேர்த்த மனிதர்கள் உண்டு. ஒரு செயற்கூறு நூலகத்தில் சேர்க்கப்படும்போது அதன் பெயர், அது ஏற்கும் உள்ளீடுகளின் வரிசை, பட்டியல் வெறுமையாக இருக்கும்போது அது நடந்துகொள்ளும் முறை ஆகிய மூன்றும் முடிவு செய்யப்படுகின்றன. அம்முடிவுகள் அக்கணத்தின் வசதிக்காக எடுக்கப்பட்டவை. ஆனால் அவற்றின்மேல் ஆயிரக்கணக்கான நிரல்கள் எழுதப்பட்டபின், எடுத்தவர்களாலேயே அவற்றை மாற்ற இயலாமற் போகிறது. இவ்வாறு தற்காலிக முடிவுகள் நிலையான மரபாக உறைந்த வரலாற்றையும், உறைந்ததை உருக்க முயன்றோர் கொடுத்த விலையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழில் நிரல்மொழியும் கலைச்சொல்லும் ஆக்குவோர்க்கு இவ்வரலாறு நேரடிப் பொருத்தம் உடையது.

பதிவகத்திலிருந்து பிறந்த பெயர்கள்

பட்டியலைக் கணினியில் கையாளும் முறை 1950-களின் நடுப்பகுதியில் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பெர்ட் சைமன் ஆகிய மூவர் உருவாக்கிய ஐபிஎல் என்னும் மொழியில் முதன்முதலில் வடிவம் பெற்றது. அளவையியல் தேற்றங்களைக் கணினியால் நிறுவும் முயற்சிக்காக அம்மொழி எழுந்தது. 1956-ஆம் ஆண்டு டார்ட்மத் கல்லூரியில் நடைபெற்ற கோடைக்கால ஆய்வுக் கூட்டத்தில் அதனை அறிந்த ஜான் மக்கார்த்தி, பட்டியல் என்னும் கருத்தை ஏற்றார். ஆனால் எந்திரமொழியை ஒத்திருந்த அதன் எழுத்துமுறையை ஏற்கவில்லை. கணிதக் கோவைகளைப் போல ஒன்றனுள் ஒன்றாக எழுதத்தக்க ஒரு பட்டியல் மொழியே அவருடைய விருப்பமாக இருந்தது.

அவ்விருப்பத்தின் முதற்படி ஐபிஎம் நிறுவனத்தில் நிகழ்ந்தது. வடிவியல் தேற்றங்களை நிறுவும் நிரலை எழுதிக்கொண்டிருந்த ஹெர்பெர்ட் கெலெர்ன்டரும் அவருடைய குழுவினரும், மக்கார்த்தியின் ஆலோசனையை ஏற்று, ஃபோர்ட்ரான் மொழிக்குள்ளேயே பட்டியல்களைக் கையாளும் செயற்கூறுகளின் தொகுதி ஒன்றை அமைத்தனர். தனி மொழி படைக்காமல், இருக்கும் மொழிக்குத் துணைச் செயற்கூறுகளைச் சேர்த்த இம்முயற்சியைப் பட்டியல் நூலகங்களின் முன்னோடி எனலாம். கான்ஸ் என்னும் செயற்கூறு பற்றி அக்குழுவினர் கண்டறிந்த ஓர் உண்மை பின்னாளில் பெரும்பயன் விளைத்தது. ஓர் உறுப்பையும் ஒரு பட்டியலையும் கோத்துப் புதிய பட்டியலை ஆக்குவது கான்ஸின் பணி. அது பணியை முடித்துவிட்டு வாளா நின்றுவிடாமல், தான் ஆக்கிய பட்டியலின் இருப்பிடத்தையே விடையாகத் திருப்பித் தர வேண்டும் என அவர்கள் கண்டனர். விடை தருவதாயின், ஒரு கான்ஸின் விடையை மற்றொரு கான்ஸின் உள்ளீடாக்கலாம். எத்துணைச் சிக்கலான பட்டியலையும் ஒரே கோவையாக எழுதிவிடலாம்.

இதே காலத்தில் பிறந்தவையே கார், குடர் என்னும் பெயர்கள். 1954-இல் அறிமுகமான ஐபிஎம் 704 கணினியில் ஒரு நினைவகச் சொல் 36 பிட்டுகள் கொண்டது. அதனுள் முகவரிப் பகுதி, இறக்கப் பகுதி எனத் தலா 15 பிட்டுகள் கொண்ட இரு பகுதிகள் இருந்தன. பட்டியலின் ஒரு கண்ணியைச் சேமிக்க இவ்விரு பகுதிகளும் போதுமாயின: ஒன்றில் உறுப்பு, மற்றொன்றில் அடுத்த கண்ணியின் இருப்பிடம். பதிவகத்தின் முகவரிப் பகுதியில் உள்ளது என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் கார் ஆயின. இறக்கப் பகுதியில் உள்ளது என்பதன் முதலெழுத்துகள் குடர் ஆயின. பட்டியலின் முதல் உறுப்பு, எஞ்சிய பட்டியல் என்னும் பொருளை இப்பெயர்கள் சிறிதும் உணர்த்துவதில்லை. ஒரு குறிப்பிட்ட எந்திரத்தின் உள்ளமைப்பை மட்டுமே உணர்த்துகின்றன.

லிஸ்ப் மொழியின் முதற் செயலாக்கத்தில் பெரும்பங்கு ஆற்றிய ஸ்டீவ் ரஸ்ஸல் பின்னாளில் தெரிவித்த செய்தி இங்கு நினைவுகூரத்தக்கது. சில மாதங்கள் மொழியைக் கற்பித்தபின், முதல், எஞ்சியது என்னும் பொருள்தரும் பெயர்களே தக்கவை என மக்கார்த்தியும் அவருடைய குழுவினரும் உணர்ந்தனர், மாற்றவும் முயன்றனர், ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது. பழகியோர் பழைய பெயர்களைக் கைவிடவில்லை. பெயர் சூட்டியவர்களே அதனை மாற்ற இயலாத நிலை ஏற்படச் சில மாதங்களே போதுமாயின என்பதே இச்செய்தியின் சாரம்.

704 கணினி மறைந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. கார், குடர் என்னும் பெயர்களோ ஸ்கீம், காமன் லிஸ்ப், ஈமாக்ஸ் லிஸ்ப் ஆகியவற்றில் இன்றும் வழங்குகின்றன. 1984-இல் கை ஸ்டீலின் நூலால் வரையறுக்கப்பட்ட காமன் லிஸ்ப், பொருள்தரும் பெயர்களையும் மாற்றுப் பெயர்களாக ஏற்றது. எனினும் பழையவற்றை நீக்கவில்லை. 2007-இல் வெளிவந்த குளோஜர் மொழிதான், லிஸ்ப் மரபைச் சேர்ந்ததாயினும், பழைய பெயர்களை விடுத்துப் பொருள்தரும் பெயர்களை மட்டும் கொண்டது. பெயரை மாற்ற ஒரு புதிய மொழியையே தொடங்க வேண்டியிருந்தது.

மேப்லிஸ்ட்: ஒரு தேவையும் அதன் விளைவுகளும்

1958-ஆம் ஆண்டு கோடையில் ஐபிஎம் ஆய்வுப் பிரிவில் தங்கியிருந்த மக்கார்த்தி, இயற்கணிதக் கோவைகளை வகையிடும் நிரலை மாதிரிச் சிக்கலாக எடுத்துக்கொண்டார். பல உறுப்புகளின் கூட்டுத்தொகையை வகையிடுவதென்பது, ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே வகையிட்டு விடைகளைக் கூட்டுவதாகும். உறுப்புகள் எத்தனை என்பது முன்கூட்டியே தெரியாது. எனவே ஒரு பட்டியலின் ஒவ்வோர் உறுப்பின்மீதும் ஒரு செயலை நிகழ்த்தி, விடைகளைப் புதிய பட்டியலாகத் தரும் செயற்கூறு தேவைப்பட்டது. அதற்கு அவர் இட்ட பெயர் மேப்லிஸ்ட்.

இச்சிறு செயற்கூறு இரண்டு பெரிய விளைவுகளை உடன் கொண்டுவந்தது. முதலாவது, ஒரு செயலை மற்றொரு செயற்கூறுக்கு உள்ளீடாகத் தர வேண்டுமாயின் அச்செயலைக் குறிக்க ஓர் எழுத்துமுறை வேண்டும். அதற்காகவே அலோன்சோ சர்ச்சின் லாம்டாக் குறியீட்டை மக்கார்த்தி எடுத்தாண்டார். இன்று பல மொழிகளில் வழங்கும் லாம்டா என்னும் சொல் இவ்வாறே நிரலாக்கத்துள் நுழைந்தது. இரண்டாவது, புதிய பட்டியல்கள் தொடர்ந்து உருவாகும்போது பயன்முடிந்த பழையவை நினைவகத்தை அடைத்துக்கொள்கின்றன. அவற்றை அழிக்கும் கட்டளைகளை வகையிடல் வரையறைக்குள் புகுத்தினால் அதன் தெளிவு கெடும். அத்தெளிவைக் காக்க விழைந்ததன் பயனாக, பயனற்ற நினைவகத்தை எந்திரமே கண்டறிந்து மீட்கும் குப்பை சேகரிப்பு முறை பிறந்தது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த மக்கார்த்தியின் புகழ்பெற்ற ஆய்வுரையில் இம்முறை விளக்கப்பட்டுள்ளது. இரு பட்டியல்களை இணைக்கும் அப்பெண்ட் என்னும் செயற்கூறும் அதே ஆய்வுரையில் இடம்பெற்றது.

மேப்லிஸ்ட் என்னும் பெயரோ நிலைபெறவில்லை. 1962-இல் வெளியான லிஸ்ப் 1.5 கையேட்டில் அப்பெயர் வேறொரு பணியைக் குறித்தது: ஒவ்வோர் உறுப்பின்மீதுமன்றி, ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் தொடங்கும் எஞ்சிய பட்டியலின்மீது அது செயலை நிகழ்த்தியது. முதலிற் கருதப்பட்ட பணி மேப்கார் என்னும் பெயருக்கு உரியதாயிற்று. உறுப்பைப் பெறக் கார் பயன்படுவதால் அப்பெயர் அமைந்தது. ஒரு பழைய எந்திரத்தின் பதிவகப் பகுதி, பட்டியல் முழுவதையும் கையாளும் செயற்கூறின் பெயரிலும் இவ்வாறு குடிபுகுந்தது.

உள்ளீடுகளின் வரிசையிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. லிஸ்ப் 1.5-இல் மேப்லிஸ்டுக்குப் பட்டியலை முதலிலும் செயலைப் பின்னரும் தர வேண்டும். இன்டர்லிஸ்ப் இவ்வரிசையைப் பேணியது. காமன் லிஸ்பிலோ செயல் முன்னும் பட்டியல் பின்னும் வருகின்றன. செயலை முன்வைத்தால் அதன்பின் எத்தனை பட்டியல்களையும் தொடர்ந்து தரலாம் என்பது இவ்வரிசையின் பயன். இரு வரிசைகளுக்கும் தக்க காரணங்கள் உண்டு. ஆயினும் ஒன்றன்கீழ் எழுதப்பட்ட நிரல் மற்றொன்றன்கீழ் இயங்காது.

சுருக்கும் செயற்கூறுகளின் இரு மரபுகள்

பட்டியல் முழுவதையும் ஒரே மதிப்பாகச் சுருக்கும் செயற்கூறு வேறொரு வழியில் வந்தது. கெனெத் ஐவர்சன் 1962-இல் வெளியிட்ட நூலில், ஒரு கணிதக் குறியைப் பட்டியலின் உறுப்புகளுக்கிடையே செருகிச் சுருக்கும் முறையைக் குறியீடாகவே அமைத்தார். கூட்டற்குறியைச் செருகினால் கூட்டுத்தொகை கிடைக்கும். பெருக்கற்குறியைச் செருகினால் பெருக்குத்தொகை கிடைக்கும். இதனை அவர் குறித்த சொல்லே பின்னாளில் ரெட்யூஸ் என்னும் செயற்கூறுப் பெயராகப் பல மொழிகளில் பரவியது. ஃபோர்ட்ரானை உருவாக்கிய ஜான் பேக்கஸ், 1977-ஆம் ஆண்டுக்கான டூரிங் பரிசை ஏற்று ஆற்றிய உரையில், அனைத்தின்மீதும் செலுத்துதல், இடையே செருகுதல் ஆகிய இரண்டையும் நிரலாக்கத்தின் அடிப்படைக் கட்டுமானங்களாக முன்வைத்தார். ஒவ்வொரு சொல்லாக நினைவகத்தோடு உறவாடும் பழைய நிரலாக்க முறையிலிருந்து விடுபட இவை வழிவகுக்கும் என்பது அவருடைய வாதம்.

பிரிட்டனில் மற்றொரு மரபு வளர்ந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் டர்னர் 1972-இல் தொடங்கிய சாசல், எடின்பரோவில் 1980-இல் உருவான ஹோப், 1985-இல் டர்னர் வெளியிட்ட மிராண்டா ஆகியவை இம்மரபின் படிநிலைகள். சுருக்கும் பணியை இம்மரபு ஃபோல்டு, அதாவது மடித்தல், என்னும் பெயரால் வழங்கியது. மடிக்கும் திசையையும் பெயரிலேயே குறித்தது. திசை பொருட்படுத்தத்தக்கதே. 10, 3, 2 என்னும் பட்டியலைக் கழித்தற்குறியால் இடப்புறமிருந்து மடித்தால் 10இலிருந்து 3ஐயும், அதன்பின் 2ஐயும் கழித்து 5 கிடைக்கும். வலப்புறமிருந்து மடித்தால் 3இலிருந்து 2ஐக் கழித்துப் பெற்ற 1ஐ 10இலிருந்து கழிக்க 9 கிடைக்கும். ரிச்சர்ட் பேர்டும் பிலிப் வாட்லரும் 1988-இல் வெளியிட்ட பாடநூல் இச்செயற்கூறுகளை ஒரு தலைமுறை மாணவர்க்குக் கற்பித்தது. 1987-இல் கூடிய குழுவொன்றின் முயற்சியால் 1990-இல் வரையறை வெளிவந்த ஹாஸ்கெல் மொழி, இம்மரபின் பட்டியற் செயற்கூறுகளைத் தன் முகப்பு நூலகத்திலேயே வைத்தது.

லிஸ்ப் மரபும் தன் தொகுப்பை ஒழுங்குபடுத்த வேண்டியதாயிற்று. 1975-இல் தோன்றிய ஸ்கீம் மொழியின் வரையறை சுருக்கத்தைப் பெருமையாகக் கொண்டது. அதனால் பட்டியற் செயற்கூறுகள் மிகச் சிலவே அதில் இடம்பெற்றன. ஒவ்வொரு செயலாக்கமும் எஞ்சியவற்றைத் தன் விருப்பப்படி சேர்த்துக்கொண்டது. ஒரே பெயர் இரு செயலாக்கங்களில் இரு பணிகளைக் குறிக்கும் குழப்பத்தைத் தவிர்க்க, ஓலின் ஷிவர்ஸ் 1999-இல் பட்டியல் நூலகம் ஒன்றை ஸ்கீம் சமூகத்தின் முன்மொழிவு வரிசையில் முன்வைத்தார். அதில் ஃபோல்டு பிரிட்டானிய மரபிலிருந்தும், எண்களை வரிசையாக ஆக்கும் ஐயோட்டா ஐவர்சன் பயன்படுத்திய கிரேக்க எழுத்திலிருந்தும் வந்து, காரும் குடரும் வாழும் அதே வீட்டில் குடியேறின. தனித்தனியே வளர்ந்த மூன்று மரபுகள் ஒரே நூலகத்தில் கூடிய ஆவணம் என இதனைக் கருதலாம்.

திருத்தத்தின் விலை

சேர்த்ததை நீக்குவதும் திருத்துவதும் எத்துணைக் கடினம் என்பதற்கு இரு மொழிகளின் அனுபவம் சான்றாகும்.

பைத்தான் மொழியின் 1.0 பதிப்பு 1994 ஜனவரியில் வெளிவந்தபோது மேப், ஃபில்டர், ரெட்யூஸ், லாம்டா ஆகியவை அதில் இருந்தன. லிஸ்பில் பழகிய ஒருவர் அவை இல்லாக் குறையை உணர்ந்து, எழுதி அனுப்பியதாலேயே அவை சேர்ந்தன என்பதை மொழியின் ஆசிரியர் கைடோ வான் ரோசம் பின்னர் குறித்துள்ளார். 2005-இல் அவர் ரெட்யூஸை நீக்க விரும்பினார். கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் அப்பால் அது பயன்படும் இடங்களைப் படித்தறிவது கடினம் என்பது அவர் கூறிய காரணம். கூட்டுத்தொகைக்கு 2003-இலும், எல்லாம் மெய்யா, ஏதேனும் மெய்யா என்னும் வினாக்களுக்கு 2006-இலும் தனிச் செயற்கூறுகள் சேர்க்கப்பட்டன. 2008 டிசம்பரில் வெளிவந்த 3.0 பதிப்பில் ரெட்யூஸ் முற்றாக நீக்கப்படவில்லை. முகப்பிலிருந்து துணை நூலகம் ஒன்றுக்கு இடம்பெயர்ந்தது. மேப்பும் ஃபில்டரும் தங்கள் இடத்திலேயே நின்றன.

ஹாஸ்கெலின் சிக்கல் இதனினும் ஆழமானது. பட்டியலின் முதல் உறுப்பைத் தரும் ஹெட் என்னும் செயற்கூறுக்கு வெற்றுப் பட்டியலைத் தந்தால் நிரல் பிழையுற்று நின்றுவிடும். பிழைகளை இயக்கத்திற்கு முன்பே கண்டறிவதைத் தன் தனிச்சிறப்பாகக் கொண்ட மொழியின் முகப்பிலேயே இச்செயற்கூறு நின்றது. உறுப்பு உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து விடையாகத் தரும் பாதுகாப்பான மாற்று வழிகள் நூலகத்தில் இருந்தும், ஹெட் நீங்கவில்லை. 2023-இல் வெளிவந்த ஜிஎச்சி 9.8 தொகுப்பியில்தான் அதனைப் பயன்படுத்துவோர்க்கு எச்சரிக்கை வழங்கப்படலாயிற்று. வரையறை வெளிவந்து 33 ஆண்டுகளுக்குப் பின்னரும் இயன்றது நீக்கம் அன்று, எச்சரிக்கை மட்டுமே.

இடப்புற மடிப்புக்கும் இதே கதைதான். தேவைப்படும்வரை கணக்கிடாமல் ஒத்திவைப்பது ஹாஸ்கெலின் இயல்பு. அதனால் நீண்ட பட்டியலை இடப்புறமிருந்து மடிக்கும்போது செய்யப்படாத கூட்டல்கள் நினைவகத்தில் மலைபோற் குவியக்கூடும். உடனுக்குடன் கணக்கிடும் மாற்று வடிவம் நெடுங்காலம் துணை நூலகத்திலேயே இருந்து, 2024-இல் வெளிவந்த 9.10 தொகுப்பியோடுதான் முகப்புக்கு வந்தது. இடையே, 2015-இல் மற்றொரு திருத்தம் நிகழ்ந்தது. பட்டியலுக்கு மட்டும் உரியனவாயிருந்த பல செயற்கூறுகள், உறுப்புகளைக் கொண்ட எல்லாத் தரவமைப்புகளுக்கும் பொதுவாக்கப்பட்டன. பொதுமை பெருகியது, கூடவே, இரு மதிப்புகள் கொண்ட ஓர் இணையின் நீளத்தைக் கேட்டால் 1 என விடை தரும் வியப்பும் சேர்ந்தது. கோட்பாட்டின்படி அவ்விடை பிழையன்று. கற்பவர் கண்ணுக்கோ அது புதிர்.

தமிழ்ப் பெயர்களும் தமிழ் வரிசையும்

இவ்வரலாறு தமிழோடு தொடர்புறும் இடம் ஒன்று உண்டு. முத்தையா அண்ணாமலை உருவாக்கி, 2009-இல் ஆய்வுரையாக அறிமுகப்படுத்திய எழில் என்னும் நிரல்மொழி, தமிழ் அறிந்த தொடக்கநிலைக் கற்போர்க்கென அமைந்தது. பைத்தானைக் கொண்டு செயலாக்கப்பட்டது. பட்டியலின் இறுதியில் உறுப்பைச் சேர்க்கும் செயற்கூறுக்கு அதில் பின்இணை என்பது பெயர். 1960-இல் மக்கார்த்தி இரு பட்டியல்களை இணைப்பதற்குப் பயன்படுத்திய ஆங்கிலப் பெயர், பைத்தானில் ஓர் உறுப்பை இறுதியிற் சேர்ப்பது எனப் பொருள் திரிந்தது. எழில் அத்திரிந்த பொருளையே ஏற்றது. ஆனால் சொல்லை எழுத்துப்பெயர்க்கவில்லை. செயலைப் பார்த்துப் பெயரிட்டது. கற்பவர் அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் என்ன நிகழும் என்பதை அறிகிறார். ரஸ்ஸலும் மக்கார்த்தியும் காலம் கடந்து உணர்ந்ததை இங்குத் தொடக்கத்திலேயே காண்கிறோம்.

வரிசை பற்றிய செய்தி இன்னும் நுட்பமானது. எழிலில் நிபந்தனைக் கூற்றை எழுதும்போது நிபந்தனை முன்னும், ஆனால் என்னும் சொல் பின்னும் வருகின்றன. தமிழ்த் தொடரின் இயல்பான வரிசை அதுவே. செயற்கூறுகளை அழைக்கும்போதோ பெயர் முன்னும் உள்ளீடுகள் பின்னும் வருகின்றன. இது கணித மரபின் வரிசை. வினையை இறுதியில் வைக்கும் தமிழர், பட்டியலோடு இதனைப் பின் இணை என்றே சொல்வர். ஒரே மொழிக்குள் இரு வரிசைகளும் அருகருகே நிற்கின்றன. இதனைக் குறையெனக் கருத வேண்டியதில்லை. பட்டியலா செயலா எது முன்வர வேண்டும் என்பதில் லிஸ்ப் மரபுக்குள்ளேயே இரு வழக்குகள் நிலவியதை மேலே கண்டோம். வரிசை இயற்கை விதியன்று, தெரிவு. தெரிவு என அறிந்து செய்வோர்க்கே அதனைப் பின்னர் விளக்கவும் காக்கவும் இயலும்.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, பட்டியற் செயற்கூறுகள் குறிப்பிட்ட எந்திரம், குறிப்பிட்ட சிக்கல், குறிப்பிட்ட மனிதர்கள் ஆகியவற்றின் தடயங்களைச் சுமப்பவை. கணிதத்தின் காலங்கடந்த உண்மைகளாக மட்டும் அவற்றைக் கருதுதல் பொருந்தாது. இரண்டாவது, அவற்றைச் செந்தர நூலகத்தில் சேர்ப்பதற்கு ஒருவரின் ஒரு நாள் உழைப்புப் போதும். நீக்குவதற்கு ஒரு தலைமுறையும் போதாது. எனவே வரலாற்றாசிரியர் நோக்க வேண்டியது செயற்கூறு கண்டுபிடிக்கப்பட்ட நாளை மட்டுமன்று. அது பொதுவுடைமையாக்கப்பட்ட நாளையுமே.

மூன்றாவது, கலைச்சொல் ஆக்குவோர்க்கு உரியது. கார் என்பதன் சொற்பிறப்பை நேராகத் தமிழாக்கினால் 704 கணினியின் பதிவகத்தைத் தமிழுக்குள் கொண்டுவந்து நிறுத்தியவர்களாவோம். பிறமொழியின் பெயருக்குப் பின்னால் நிற்பது பொருளா, விபத்தா என்பதை ஆராய்ந்தே பெயரிட வேண்டும். தமிழில் இத்துறையின் பெயர்கள் இன்னும் முழுமையாக உறையவில்லை. பாடநூல்களிலும் மென்பொருளிலும் அவை வழக்கேறுவதற்கு முன்னுள்ள இந்த இடைவெளி நீண்டதன்று. மக்கார்த்தியின் குழுவினர்க்குச் சில மாதங்களே வாய்த்தன.